பரளச்சியில் ஒரு கண்ணாடி வீடு

உலகத்தின் அதிசய வீடுகளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அருப்புக்கோட்டை வட்டாரத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நான் திருச்சுழி அரசு மருத்துவமனையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். எனக்கும் கட்டடக் கலைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் கத்தார் வேலையை முடித்துக்கொண்டு மொத்தமாக ஊர் திரும்பிய பிறகு, சாப்பிடுகிற நேரம் முழுக்க அவர் செல்போனில் வீடுகள்தான் ஓடின. அருவியின் தலைமேல் கட்டிய வீடு. கடலோரப் பாறையில் பாதி தொங்கும் வீடு. ஜப்பானில் சுவரே இல்லாத ஒரு வீடு. அதில் புருசனும் பெண்டாட்டியும் தெருவைப் பார்த்துப் பல் விளக்குகிறார்கள். கடைசியாகப் பனிக்காட்டுக்கு நடுவே முழுக்கக் கண்ணாடியால் ஆன வீடு. அது வரும்போது மட்டும் அவர் தட்டில் கை வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பார். ரசம் ஆறிப்போகும்.

"வெளியவும் உள்ளயும் ஒண்ணாயிருச்சு பாரு" என்பார்.

நாங்கள் அருப்புக்கோட்டையில் குடியிருந்த வாடகை வீட்டிலும் வெளியும் உள்ளும் ஒன்றாகத்தான் இருந்தன. தெருப் புழுதி, எறும்பு, பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசம் எல்லாம் யாரையும் கேட்காமல் உள்ளே வந்துபோயின. அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

அவரைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கத்தாரில் அவர் எலக்ட்ரீசியன். பெரும் பணக்காரர்களின் தனி வீடுகளைப் பராமரிக்கிற ஒரு கம்பெனியில் இருந்தார். கண்ணாடிச் சுவரும் உள்முற்றத்து நீச்சல் குளமும் இருக்கிற வீடுகளுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவார். விளக்கு மாட்டுவார், ஏசியைச் சரி செய்வார், பின்வாசல் வழியாக வெளியே வருவார். அவரது ஆயுசின் நல்ல பகுதி முழுவதும் அப்படியே போயிற்று. எங்கள் மகள் பிறந்து, வளர்ந்து, கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போனதையெல்லாம் அவர் போனில்தான் பார்த்தார். ஆகவே ஊருக்கு வந்ததும் ஒரு வீடு கட்ட வேண்டும் என்றதை நான் மறுக்கவில்லை. மூன்று அறை, ஒரு சமையல்கட்டு, மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பனிக்காட்டை நினைத்துக்கொண்டிருந்தார்.

இடம் என் மாமனாருடையது. பரளச்சிக்கு வெளியே, ரோட்டை ஒட்டி, மழையை நம்பி உளுந்தும் பருத்தியும் போடுகிற கரிசல். வடக்கே பார்த்தால் கண்ணுக்கு எட்டுகிறவரை நிலம். மேற்கே சீமைக் கருவேலம். தெற்கே ரோடு. மாமா ஊருக்குள் இருந்த பழைய வீட்டில் தனியாக ஆடுகளோடு இருந்தார். புது வீடு வந்தால் எல்லோரும் ஒன்றாக இருக்கலாம் என்று மகன் சொன்னதும் சம்மதித்துவிட்டார்.

ஆர்க்கிடெக்ட் மதுரையிலிருந்து வந்தார். சின்ன வயது. கசங்கியே இருக்கும்படி தைத்த சட்டை. உச்சி வெயிலில் நிலத்துக்கு நடுவே போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் வேப்பமர நிழலில் காத்திருந்தோம். திரும்பி வந்து, இந்த இடத்தின் கட்டுமானப் பொருளே வெளிச்சம்தான், செங்கல்லும் சிமெண்டும் அதற்கு அப்புறம்தான் என்றார். அந்தப் பொருளோடு ஆயுசு முழுக்கத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மல்லுக்கட்டிய என் மாமனார் அவரைப் பரிவோடு பார்த்தார்.

"தம்பிக்கு வெயிலு ஏறிருச்சு போல தாயி. கொஞ்சம் மோரு குடு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

எனக்கு என்ன வேண்டும் என்றும் ஆர்க்கிடெக்ட் மரியாதையாகக் கேட்டார். கதவு வைத்த சமையல்கட்டு, வெங்காயம் கொட்டிவைக்க ஒரு மூலை, நிம்மதியாகக் குளிக்க ஓர் இடம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். படம் வந்தபோது சமையல்கட்டுக்குச் சுவரே இல்லை. வரவேற்பறையின் தொடர்ச்சியாக அடுப்பு இருந்தது. வெங்காயத்துக்கு இடம் கொடுத்தால் வீட்டின் நேர்க்கோட்டு அழகு கெட்டுவிடுமாம். குளியலறைக்குக் கண்ணாடிக் கூரை. மேலே இருந்து வானம் மட்டும்தான் பார்க்கும் என்றார். எதிரே மின்கம்பம் இருப்பதையும், வாரம் தவறாமல் அதில் லைன்மேன் ஏறுவதையும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. குளியலறைக்கும் கான்கிரீட் கூரையே போட ஒத்துக்கொண்டார்கள். அந்த வீட்டின் வடிவமைப்பில் என் பங்களிப்பு அவ்வளவுதான்.

அஸ்திவாரத்தைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கரிசல் மண் வெயிலில் பிளந்து, மழையில் உப்பி, கட்டடத்தை ஆட்டிப் பார்க்கும். அதைத் தெரிந்துதான் ஆழமாகத் தூண் இறக்கியிருந்தார்கள். இன்றுவரை தரையில் ஒரு கீறல் இல்லை. கண்ணாடிகள் சென்னையிலிருந்து லாரியில் வந்தன. பந்தல்குடியில் டீ குடிக்க நிறுத்தியபோதே கூட்டம் கூடிவிட்டது என்று டிரைவர் சொன்னார். நகைக்கடை திறக்கிறார்கள் என்ற செய்தி லாரிக்கு முன்னால் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

கிரகப்பிரவேசத்தன்று வீடு அழகாகத்தான் இருந்தது. வந்த பெண்கள் எல்லோரும் வெளியே நின்று கண்ணாடியில் பொட்டைச் சரி செய்துகொண்டார்கள். ஆண்கள் தலை சீவினார்கள். உள்ளே இருந்த நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. என் சித்தப்பா பழத்தட்டோடு வேகமாக வந்து, வாசல் என்று நினைத்துச் சுவரில் மோதினார். ஆப்பிள்கள் நாலா பக்கமும் உருண்டன. நெற்றி புடைத்துவிட்டது. அவரை உட்காரவைத்து ஐஸ் வைத்தோம். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வீடு நல்ல வெளிச்சமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். மறுநாள் நான் ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, கண் உயரத்துக்கு எல்லாக் கண்ணாடியிலும் வரிசையாக ஒட்டினேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் செல்போனை எடுத்தார். பனிக்காட்டு வீட்டில் பொட்டு இல்லை.

பிறகு சித்திரை வந்தது.

பனி விழுகிற நாட்டில் கண்ணாடி வீடு கட்டுவதன் நோக்கம் வெயிலை உள்ளே அழைப்பது. எங்கள் ஊர் வெயிலுக்கு அழைப்பு தேவையில்லை. காலைச் சாப்பாடு முடிவதற்குள் வரவேற்பறையில் கால் வைக்க முடியாது. நான் மோர்மிளகாய் போட மொட்டைமாடிக்குப் போவதையே விட்டுவிட்டேன். சோபாவின் மேல் பழைய வேட்டியை விரித்துப் பரப்பினால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது தன்னை மட்டும் குளிர்வித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். மாமா ஒரு நாள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வரவேற்பறையில் உட்கார்ந்து டிவி பார்த்தார். கிண்டலுக்காகச் செய்யவில்லை. அவருக்கு நிஜமாகவே தலை வலித்தது. அன்று மாலையே கட்டிலைத் தூக்கிக்கொண்டு கிணற்றடி மோட்டார் ரூமுக்குக் குடிபோய்விட்டார். அங்கே செங்கல் சுவரும் ஒரு சின்ன ஜன்னலும் இருந்தன. கொஞ்ச நாளில் மத்தியான நேரங்களில் நாங்களும் அங்கேதான் போய் உட்கார்ந்தோம். உலகத் தரமான வீடு ரோட்டோரம் தனியாக மின்னிக்கொண்டிருக்கும். அதன் சொந்தக்காரர்கள் மோட்டார் பக்கத்தில் விசிறிக்கொண்டிருப்போம்.

இரவில் வேறு விதமான தொந்தரவு. விளக்கைப் போட்டால் வெளியிலிருந்து எங்கள் வீடு சினிமாத் திரை மாதிரி தெரியும். அருப்புக்கோட்டையிலிருந்து வருகிற கடைசி பஸ் எங்கள் வீட்டருகே வரும்போது மட்டும் மெதுவாகப் போகும். அந்த இடத்தில் வேகத்தடை கிடையாது. காலையில் நான் திருச்சுழிக்குப் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டுப் பெண்கள் எங்கள் வீட்டு நிலவரத்தை எனக்கே சொன்னார்கள்.

"நேத்து இட்லியா? உங்க வீட்டுக்காரவுக பாதியிலயே எந்திரிச்சுட்டாகளே. சட்னி சரியில்லையோ?" என்று ஒரு அக்கா கரிசனமாகக் கேட்டார்.

சட்னி சரியாகத்தான் இருந்தது. அவருக்குப் போன் வந்தது, அதனால் எழுந்தார். இந்த விளக்கத்தை நான் அந்த அக்காவுக்குச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திரைச்சீலை போடலாம் என்றேன். திரை போடுவதென்றால் கண்ணாடி எதற்கு என்று அவர் கேட்டார். கண்ணாடி எதற்கு என்று நானும் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்டும் சண்டை வந்தது. அந்தச் சண்டையையும் பஸ்ஸில் போனவர்கள் பார்த்தார்கள். சத்தம் கேட்காததால் அவர்களுக்குக் காரணம் மட்டும் புரியவில்லை. மறுநாள் அந்த அக்கா என்னிடம் ஒன்றும் கேட்காமல் தன் பக்கத்தில் இடம் கொடுத்தார். நான் அன்றைக்கே வந்து பழைய சேலைகளைக் கிழித்துப் படுக்கையறைக்குக் கட்டினேன். என் வீட்டுக்காரர் தடுக்கவில்லை.

அடுத்து மயில் வந்தது. எங்கள் பக்கத்தில் மயிலுக்குப் பஞ்சமில்லை. உளுந்தை முளையிலேயே கொத்தித் தின்னும் அது இல்லாத காடு கிடையாது. ஒரு ஆண் மயில் கிழக்குக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டது. தன்னைப் போலவே மிடுக்கான இன்னொருவன் இந்த வீட்டுக்குள் குடியிருக்கிறான் என்ற முடிவுக்கு வந்துவிட்டது. விடிந்ததும் வந்து கொத்தும், காலால் உதைக்கும், தோகையை விரித்து மிரட்டும், மறுபடி கொத்தும். என் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு விரட்டுவார். அது வீட்டைச் சுற்றி ஓடி அடுத்த பக்கக் கண்ணாடியில் இருக்கிற எதிரியைக் கொத்தும். கல்லெறியவும் முடியாது, தேசியப் பறவை.

இந்தச் சமயத்தில்தான் ஆர்க்கிடெக்ட் தன் ஆட்களோடு வந்து எங்கள் வீட்டை வீடியோ எடுத்துப் போட்டார். மோர்மிளகாயையும் பொட்டுகளையும் முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். எடுத்தோம். மயிலை மட்டும் யாராலும் எடுக்க முடியவில்லை. வீடியோவில் மெல்லிய புல்லாங்குழல் ஓடியது. வறண்ட நிலத்தின் நடுவே இயற்கையோடு உரையாடும் இல்லம் என்று ஒரு குரல் சொன்னது. மயில் கொலைவெறியோடு கொத்துகிற காட்சியை மெதுவாக ஓடவிட்டு, விடிகாலை விருந்தாளி என்று அறிமுகப்படுத்தினார்கள். உலகம் முழுக்க இருந்து ஆட்கள் பாராட்டினார்கள். இப்படி ஒரு வீட்டில் ஒரே ஒரு நாளாவது வாழ்ந்துவிட வேண்டும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். நாங்கள் அப்போது மோட்டார் ரூமில் இருந்தோம்.

மாமா ஒரு கிடா வளர்த்தார். குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. திருவிழா வரும்வரை அதை ஒருவரும் அடிக்கக்கூடாது, கட்டிப்போடவும் கூடாது. அது பாட்டுக்குத் திரியும். மயிலுக்கு அரசாங்கம் காவல் என்றால் இதற்குச் சாமி காவல். ஒரு நாள் சாயங்காலம் வெயில் இறங்குகிற நேரத்தில் அது மேற்குப் பக்கமாக வந்தது. அந்த நேரத்தில் மேற்குக் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். கிடா நின்றது. எதிரேயும் ஒரு கிடா நின்றது. எங்கள் கிடா தலையைக் குனிந்தது. அதுவும் குனிந்தது.

நான் அடுப்படியில் நின்றபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில்லாத சமையல்கட்டின் ஒரே நன்மை அது. கிடா எதற்காகப் பின்னால் போகிறது என்று புரிந்ததும் நான் கத்தினேன். அதற்குள் அது ஓடிவந்து முட்டிவிட்டது. முதல் முட்டில் ஒன்றும் ஆகவில்லை. எதிராளி அசராமல் நின்றதும் அதற்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இன்னும் தூரமாகப் போய், இன்னும் வேகமாக வந்தது. தரையிலிருந்து கூரை வரை இருந்த அந்தக் கண்ணாடி மொத்தமும் ஒரே நொடியில் கல்லுப்பு மாதிரி பொலபொலவென்று கொட்டியது. கிடா வரவேற்பறைக்குள் சோபாவுக்கு முன்னால் நின்று, எதிராளி எங்கே போனான் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. அதற்கு ஒரு கீறல் இல்லை. சோபாவில் காய்ந்துகொண்டிருந்த மோர்மிளகாயை முகர்ந்துவிட்டு வெளியே போய்விட்டது.

மாமா ஓடிவந்தார். உடைந்ததைப் பார்த்தார், மகன் முகத்தைப் பார்த்தார், கிடாயைத் தேடிப் போனார். அன்றைக்கே அதை ஒரு சரக்கு ஆட்டோவில் ஏற்றிப் பாலவனத்தத்தில் இருக்கிற தன் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மகன் அதை ஏதும் செய்துவிடுவானோ என்று பயம். சாமி குத்தம் ஆகிவிடுமே என்பதால்தான் அனுப்பினேன் என்று என்னிடம் சொன்னார். கிடாயின் மேல் அவருக்கு இருந்த பிரியம் எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் கிடாயை நினைக்கவே இல்லை. கண்ணாடித் தூளைப் பெருக்கி ஓரமாகக் குவித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மேற்கே திறந்து கிடந்தது. காற்று தாராளமாக உள்ளே வந்தது. அந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு முதல் முறையாக வியர்க்காமல் இருந்தது. அதை அப்போது சொல்லக்கூடாது என்கிற அறிவு எனக்கு இருந்தது. டீ போட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டீயைக் குடித்து முடித்துவிட்டு அவராகப் பேசினார். "அந்த வீடுகள்ல எல்லாம் ரூம் ரூமா வேலை பாத்திருக்கேன். எந்தச் சுச்சு எங்க இருக்குன்னு இப்பவும் கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். ஒருநாளும் உக்காந்தது கெடையாது. உக்காரக் கூடாது. கண்ணாடிக்கு உள்பக்கமா உக்காந்து வெளியப் பாத்தா எப்படி இருக்கும்னு தோணிட்டே இருக்கும்."

என் வாயில் தயாராக இருந்த கேலி எல்லாம் அப்படியே நின்றுபோனது. இத்தனை நாள் இவர் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தது வீடுகளை என்று நினைத்திருந்தேன்.

"திரும்பக் கத்தாருக்கே போயிரட்டுமா" என்று கேட்டார்.

"ஒரு எடத்துக்கும் போக வேணாம். மேக்குப் பக்கமும் தெக்குப் பக்கமும் செங்கல்லு செவுரு வைங்க. அடுப்படிக்குக் கதவு வைங்க. வடக்குக் கண்ணாடி கெடக்கட்டும்" என்றேன்.

"ஆர்க்கிடெக்ட் ஒத்துக்க மாட்டாரு."

"அவரா வந்து இங்க சோறு பொங்குறாரு?"

அவர் சிரித்தார். ஆர்க்கிடெக்டுக்குப் போன் போட்டபோது அவர் நீண்ட நேரம் வருத்தப்பட்டார். சுவர் வைத்தால் வீட்டின் ஆன்மா போய்விடும் என்றாராம். ஆன்மா போனால் போகட்டும், வெக்கை போனால் போதும் என்று இவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சொன்னதிலேயே எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அதுதான்.

ஊரிலிருந்தே கொத்தனாரை அழைத்துச் சுவர் எழுப்பினோம். கிழக்குக் கண்ணாடிக்கு வெளியே ஓலைத் தட்டி கட்டினோம். மயில் இரண்டு நாள் தட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, எதிரி ஊரை விட்டு ஓடிவிட்டான் என்ற திருப்தியோடு போய்விட்டது. கடைசி பஸ் இப்போது எங்கள் வீட்டருகே மற்ற பஸ்கள் மாதிரி வேகமாகவே போகிறது. மாமா மட்டும் மோட்டார் ரூமை விட்டு வர மறுத்துவிட்டார். அங்கே பழகிவிட்டது என்கிறார். சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறார்.

இதில் ஆகப் பெரிய வேடிக்கை, என் வீட்டுக்காரர் இப்போது இந்தப் பக்கத்தில் பெரிய வீட்டு ஆலோசகராகிவிட்டார். பந்தல்குடி, திருச்சுழி என்று எங்கே வெளிநாட்டு வேலைக்குப் போனவர் வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டினாலும் இவரை அழைத்துப் போகிறார்கள். இவர் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்று, எந்தத் திசையில் கண்ணாடி வைக்கக்கூடாது என்று சொல்கிறார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் மேற்குக் கண்ணாடி போன கதை எல்லோருக்கும் தெரியும். கிடா யாரும் ஏவிவிடாமல் தானாக முட்டியதை மட்டும் பாதிப் பேர் நம்புவதில்லை. அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து மரியாதையாகக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. மகளும் லீவுக்கு வந்திருந்தாள். வடக்கே நிலம் கடைசிவரை தெரிகிறதல்லவா, மழை நாலு காட்டுக்கு அப்பால் வரும்போதே பார்த்துவிட்டோம். வெள்ளையாக ஒரு தடுப்பு மாதிரி நின்று, பருத்திக் காட்டைத் தாண்டி, உளுந்துக் காட்டைத் தாண்டி, எங்கள் வேப்பமரத்தை மறைத்து, கண்ணாடியில் வந்து அறைந்தது. ஒரு துளி மேலே படாமல், மழைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. மகள் போனை எடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவும் சாப்பிட்ட கையைக் கழுவாமல் அங்கேயே நின்றுவிட்டார்; இந்த மழைக்கு உளுந்து தப்பிச்சுரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் கண்ணாடிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நல்லா இருக்குல்ல என்று என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

எனக்கு அதை ஒத்துக்கொள்ள மனமில்லை. ஒத்துக்கொண்டால் அடுத்து அருவியின் தலைமேல் கட்டிய வீட்டுக்குப் போய்விடுவார் என்ற பயம் வேறு. ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு இன்னொரு நாற்காலியை எடுத்துவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.